பேட்டரியின் குற்றமில்லை

சூடாமணி கிழக்கேகோட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறாள். பிரஷர் பார்க்கும் மிஷின்களை விற்பதும், பழுதென்று திரும்பி வருபவற்றை வாங்கி வைப்பதும் அவள் பொறுப்பு.

போன சித்திரை வரை திரையில் படம் மின்னுவதை அவளும் பழுதென்றுதான் நினைத்திருந்தாள். கணவர் சாம்பசிவன் கட்டிப் பார்க்கும்போதெல்லாம் வீட்டு மிஷினில் ஒரு சின்ன இதயப் படம் மின்னும். இரண்டு தடவை பேட்டரி மாற்றினாள். மூன்றாம் வாரம் அவர் காப்பி டம்ளரோடு சரிந்தார். பக்கவாதம், ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். தாறுமாறாகத் துடித்த இதயத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுதான் அந்தப் படம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

அதற்குப் பிறகு, மிஷினைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் பில்லுக்கு முன்னால் நாடி பார்க்கக் கையைக் கேட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பக்கத்து ஓட்டல் பரோட்டா மாஸ்டர் தங்கபாண்டி வந்தான். தலைசுற்றலென்று போன வாரம்தான் மிஷின் வாங்கியிருந்தான்; மலையாளம் கலந்து பேசுவான்.

“மிஷின் கேடு, மாமி. எப்பப் பாத்தாலும் ஹார்ட்டு படம் மின்னுது. பேட்டரியும் மாத்தியாச்சு, கேட்டோ.”

சூடாமணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு, உடனே இரண்டு, பிறகு ஒன்றுமே இல்லை; அப்புறம் மூன்று முட்டி மோதிக்கொண்டு வந்தன. ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். இந்தத் தடவை நேரம் இருந்தது.

நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும், வேறு மிஷின் கொடுத்தால் போதும் என்று அவன் பறந்தான். அவள் மிஷினைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடையைக் கூட வேலை செய்யும் ரெம்யாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோவை நிறுத்தினாள்.

“ஏறு. ஈசிஜி எடுத்து நன்னாருக்குன்னு சொன்னா ரெண்டு மிஷின் தரேன்.”

“சாயங்காலம் கல்லுல நீங்க நிப்பீங்களா?”

“நிக்கறேன். அக்ரஹாரத்துப் பரோட்டான்னு போர்டு வச்சுக்கோ.”

ஆஸ்பத்திரியில் ஈசிஜி காகிதத்தில் விரலை ஓட்டி, இடைவெளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததை டாக்டர் காட்டினார். பக்கவாதம் வருவதற்கு முன்பே வந்துவிட்டீர்கள் என்றார். ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை நிதானப்படுத்த ஒன்று. ஒரு வேளைகூட விடக்கூடாது. தங்கபாண்டி தன் வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் சூடாமணி ஓட்டல் வாசலில் போய் நின்றாள். தங்கபாண்டி வீசிய மாவு விசிறிபோல் விரிந்து அதே வலது கைக்குத் திரும்பி வந்தது. மாத்திரை போட்டாயா என்று சைகையில் கேட்டாள். மாவு ஒட்டிய இரண்டு விரலைக் காட்டினான்.

இன்னொரு தடவை வீசச் சொன்னாள்.