அனமுக்கு எந்த பாஷை

வஹிதா தருமபுரிக்கு வாழ வந்து நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய ஊர் கரூர் பக்கம் பள்ளப்பட்டி. அங்கே முஸ்லிம் வீடுகளில் பேச்சு தமிழ்தான். அப்பாவை அத்தா என்பார்கள். ஓதுவது அரபில், மற்றதெல்லாம் தமிழில். கணவன் ஜாவீத்தின் வீட்டிலோ உருது. மாமனார் நிசார் அகமது காலையில் பால் பூத்தில் தமிழில் பேசிவிட்டு, மாடிப்படி ஏறும்போதே உருதுவுக்கு மாறிவிடுவார். மாமியார் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். பெண் பார்க்க வந்தபோது மொழி ஒரு பிரச்சினையாக யாருக்கும் தோன்றவில்லை. "வந்தா பழகிக்குவா" என்று பேசி முடித்தார்கள்.

அவள் பாதிதான் பழகினாள். அவர்கள் பேசுவது முழுக்கப் புரிந்தது. பதிலை மட்டும் தமிழில் சொன்னாள். வந்த புதிதில் உருதுவில் பேச முயன்றதுண்டு. அந்த மொழியில் மழை பெண்பால். அது தெரியாமல் அவள் ஆண்பாலில் சொல்லிவிட்டாள். "மழை வந்துட்டான்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று ஜாவீத் சிரித்தான். கேலியான சிரிப்பு இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவில்லை.

ஜாவீத்துக்கு பைக் சீட் கவர் தைக்கும் கடை. காலை ஒன்பது மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். நிசார் அகமது பகலில் பாதி நேரம் பள்ளிவாசலிலும் மீதி நேரம் கடையிலும் இருப்பார். அதனால் பகல் முழுக்க வஹிதாவும் மகள் அனமும் மட்டும்தான். அனம் ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள். பால் குடித்ததும் தன் இரண்டு செருப்பையும் கொண்டுவந்து அம்மா மடியில் போடுவாள், வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். ராகிக் கூழை ஜன்னல் ஓரம் உட்கார்ந்துதான் குடிப்பாள். கீழே தண்ணீர் லாரி போனால் ஒரு வாய், ஆட்டோ போனால் ஒரு வாய். பத்து மணிக்குக் குளியல். பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை தூக்கம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வஹிதா சமைத்து, துவைத்து, மொட்டை மாடியில் காயப்போடுவாள்.

அனம் பதினோரு மாதத்தில் நடந்தாள். ஒன்றரை வயதில் கீழ் வீட்டுக்குத் தானாகப் படியிறங்கினாள். அங்கே வீட்டுக்காரம்மா தீர்த்தம்மாள் பூக்கட்டிக்கொண்டிருப்பார். சாமந்திகளை நிறம் பிரித்து வைத்திருந்தால் அனம் அதைக் கலைக்காமல் சுற்றிப்போவாள். சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. எது வேண்டுமானாலும் விரலை நீட்டி "ம்" என்பாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது ஒரு வயது பத்து மாதம். ஜாவீத் கடையைப் பூட்டிவிட்டு வந்து இருவரையும் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்.

"எத்தன வார்த்த பேசறா?"

"அஞ்சாறு" என்றாள் வஹிதா.

ஜாவீத் அவளைத் திரும்பிப் பார்த்தான். "இல்லைங்க சார். ஒன்னும் பேசறதில்ல. கைய காட்டுவா, அவ்ளோதான்."

"வீட்ல என்ன பாஷை?"

"நாங்க உருதுங்க. இவ தமிழ்."

"அதான் விஷயம். ரெண்டையும் கேட்டுக் கேட்டுக் குழம்பியிருக்கும். ஏதாவது ஒன்ன வெச்சுக்குங்க. எல்லாரும் அதையே பேசுங்க."

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் நிசார் அகமது பேச்சை எடுத்தார். அவர் அதட்டிப் பேசும் மனிதர் இல்லை. யோசித்து வைத்திருந்ததை வரிசையாகச் சொன்னார். வீட்டில் மூன்று பேரில் இருவருக்கு உருதுதான் மொழி. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் தமிழும் இங்கிலீஷும் தானாக வந்துவிடும், உருது வீட்டில் வந்தால்தான் உண்டு. வஹிதாவுக்கும் அது புரியத்தான் செய்கிறது. ஆகவே உருதுவே இருக்கட்டும். வஹிதா சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் மகளிடம் உருதுவில் பேசினாள். வா, சாப்பிடு, தூங்கு, தண்ணீர் வேண்டுமா, வேண்டாம், கீழே போடாதே. வேண்டாம் என்பதற்கு இந்தப் பக்கத்து உருதுவில் "நக்கோ" என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை அதைச் சொன்னாள். அதைத் தாண்டி அவளுக்குச் சொல்ல வரவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்த லாரி எங்கே போகிறது, அதில் யார் இருக்கிறார், அவருக்கும் உன்னைப் போல ஒரு பாப்பா இருக்குமோ என்று முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது லாரி போனால் ஸ்பூனை நீட்டினாள். கொஞ்சவும் வரவில்லை, கோபப்படவும் வரவில்லை. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது, பிறகு தீபாவளி வந்தது. கடையில் வேலை அதிகமாகி ஜாவீத் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரவில்லை. மாமனாரும் கடையிலேயே இருந்தார். வீடு அமைதியாக இருந்தது.

மூன்று வாரம் போனது. அனம் செருப்பைக் கொண்டுவந்து மடியில் போடுவது நின்றிருந்ததை வஹிதா ஒரு நாள் கவனித்தாள். எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. விரல் நீட்டுவதும் குறைந்திருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறித் தானே எடுத்துக்கொண்டாள். கீழே தீர்த்தம்மாள், "பாப்பா இப்பெல்லாம் சமத்தாயிட்டாளே" என்றார். வஹிதாவுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை, மதியத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. துணிகளை எடுக்க அனமை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். துணியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது, கீழே இறக்கிவிட்ட அனம் தண்ணீர்த் தொட்டியோரம் குந்தியிருந்தாள். அவள் விரலுக்கு முன்னால் ஒரு ரயில்பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது.

"அய்யய்ய, தொடாதடி!" என்றாள் வஹிதா. "அது ரயில்பூச்சி. பாரு, எத்தன காலு பாரு. எங்க ஊரு ஸ்கூல்ல மழ பேஞ்சா சுவரு பூரா இதான். ஒரு நா என் பைக்குள்ள ஒன்னு ஏறிக்கிச்சு. பென்சில எடுக்கக் கைய விட்டா வழவழன்னு என்னமோ இருக்கு. நான் கத்துன கத்துல டீச்சரு சாக்பீஸ கீழ போட்டாங்க. இப்ப பாரு, குச்சியால தொடறேன். சுருண்டுக்கும். பாத்தியா? தூங்கிருச்சு."

அனம் பூச்சியைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயையே பார்த்தாள். பிறகு விரலை நீட்டி "ம்" என்றாள். மழை விழத் தொடங்கியிருந்தது. துணி நனைந்தது. வஹிதா பூச்சி மறுபடி அவிழ்ந்து நடக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஜாவீத் கடைக்குக் கிளம்பும்போது அவள் வாசலில் நிறுத்திச் சொன்னாள்.

"என்னால முடியலைங்க. நான் அவகிட்ட பேசறதே இல்ல, தெரியுங்களா?"

"தப்பாவே பேசேன். யாரு கேக்கப் போறா?"

"தப்பு வந்தாப் பரவாயில்லைங்க. பேச்சே வர மாட்டேங்குது. ரயில்பூச்சிக்கு உருதுல என்ன சொல்லுவீங்க?"

ஜாவீத் யோசித்தான். அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அப்பாவைக் கேட்டான். அவர், தாங்களும் அதை ரயில்பூச்சி என்றுதான் சொல்வது வழக்கம் என்றார்.

தீர்த்தம்மாளின் தங்கை பேரனுக்கும் இப்படித்தான் பேச்சு தாமதமாக வந்ததாம். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு அறை இருப்பதாக அவர்தான் சொன்னார். "காசு கீசு ஒன்னும் வேணாங்க. காலைல வெள்ளனா போயிருங்க" என்றார். திங்கட்கிழமை வஹிதா அனமைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள்.

பேச்சுப் பயிற்சி தருபவரின் பெயர் ஜாஸ்மின். வஹிதாவைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். முதலில் காது பரிசோதனை நடந்தது. இரண்டு காதும் நன்றாகவே கேட்டன. பிறகு ஜாஸ்மின் பாயில் உட்கார்ந்து அனமோடு அரை மணி நேரம் விளையாடினார். பந்தை ஒளித்தார், எங்கே என்று கேட்டார், ஊதச் சொன்னார்.

"மென்னு சாப்பிடறாளா? துப்பத் தெரியுமா?"

"சீத்தாப்பழம் குடுத்தா கொட்டைய துப்பிருவா. தூரமாவே துப்புவா."

ஜாஸ்மின் சிரித்து, எழுதிக்கொண்டார். டாக்டர் சொன்னதை வஹிதா சொன்னாள்.

"ரெண்டு பாஷையால பேச்சு லேட்டாவாதுங்க" என்றார் ஜாஸ்மின். "எங்க ஊரு பாலக்கோடு பக்கம். வூட்ல தெலுங்கு, பக்கத்து வூட்ல கன்னடம், ஸ்கூல்ல தமிழ்னு வளர்ற புள்ளைங்க எத்தனையோ இருக்கு. எல்லாம் பேசத்தான் பேசுது. உங்களுக்கு எது சரளமா வருதோ அதுல பேசுங்க. அவங்க தாத்தா அவரு பாஷைல பேசட்டும். செல்போன குடுக்காதீங்க. அவ கை காட்டுனா உடனே எடுத்துக் குடுக்காம, பேரச் சொல்லிட்டு கொஞ்சம் காத்திருங்க. மாசம் ரெண்டு வாட்டி வாங்க."

வரும் வழியில் வஹிதா பஸ்ஸில் அனமிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

மாமனாரிடம் அவளே சொன்னாள், தமிழில், நின்றுகொண்டு. அவர் கேட்டுவிட்டு, அப்படியானால் அந்த டாக்டர் சொன்னது தப்பா என்றார்.

"தெரியல மாமா. இவங்க இதுக்குன்னே படிச்சவங்க."

அவர் இரண்டு நாள் கழித்து, பால் பூத்துக்குப் போகும்போது அனமையும் கூட்டிப்போகத் தொடங்கினார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்க, ஒவ்வொரு பொருளாகக் காட்டி, உருதுவில் பேர் சொல்லிக்கொண்டே போவார். தெருவில் சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

முதல் வார்த்தை நவம்பர் இரண்டாம் வாரம் வந்தது. வஹிதா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அனம் ஸ்பூனைக் கையால் தள்ளிவிட்டு, தெளிவாக, "நக்கோ" என்றாள். வஹிதா இன்னொரு ஸ்பூன் நீட்டினாள். மறுபடியும் "நக்கோ." அவள் கடைக்குப் போன் செய்தாள். ஜாவீத் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். நிசார் அகமது அன்று மாலை இனிப்பு வாங்கி வந்தார். வஹிதாவுக்கு சந்தோஷம்தான். அந்த சந்தோஷத்துக்குள் ஒரு சின்ன எரிச்சலும் இருந்தது.

ஐந்து நாள் கழித்து மாடியில் "பூச்சி" வந்தது. பிறகு "பப்பா", நிசார் அகமதுவைப் பார்த்து "தாதா", "பூ", "லாரி". இரண்டாவது பிறந்தநாளன்று பதினான்கு வார்த்தைகள் இருந்தன. ஜாஸ்மின் சொன்னபடி வஹிதா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். உருது, தமிழ் என்று பிரிக்காமல் வந்த வரிசையில் எழுதினாள். "அம்மா" பதினொன்றாவதாக வந்தது.

டிசம்பர் கடைசியில் அவள் அனமோடு பள்ளப்பட்டிக்குப் போனாள். சேலத்தில் ஒரு பஸ் மாறி, கரூரில் ஒரு பஸ் மாறி, போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அவளுடைய அத்தா நசீருதீன் பேத்தியை எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறார். தூக்கப் போனார், அனம் விடவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்துவிட்டு வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

"தாதா நை" என்றாள்.

"என்னம்மா சொல்லுது புள்ள?" என்றார் நசீருதீன்.

"தருமபுரி தாத்தாவத் தேடறா அத்தா. இங்க இல்லைன்னு சொல்றா" என்றாள் வஹிதா.

இரண்டு வார்த்தை சேர்த்து அனம் பேசியது அதுதான் முதல் தடவை. வஹிதா கைப்பையில் பேனாவைத் தேடினாள். அதற்குள் அனம் பாட்டனாரின் விரலைப் பிடித்து, வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் இழுத்துக்கொண்டு போனாள். அது என்னவென்று அவர் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.