ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிய பொருளாதார டீச்சர்

என் அக்கா பொருளாதாரம் சொல்லித்தருகிறவள். அதை வகுப்போடு நிறுத்திக்கொண்டால் நான் ஏன் இப்படிப் புலம்பப்போகிறேன்? தூக்கத்தில் போர்வையை என் பக்கம் இழுத்துவிட்டால், "வளப் பங்கீடு சரியில்லைடி" என்று எழுப்புவாள். பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால், சீப்பை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். "முதல் தடவை புல்லரிச்சுது. இப்போ காது புளிச்சுது. இதுக்குப் பேருதான் குறைந்து செல் பயன்பாட்டு விதி!" பாட்டை அணைத்தால்தான் விதி ஓயும்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். கீழே சாலையைப் பார்த்தபடி என் அழகு நிலையம், அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் அறைகள், மாடியில் அக்காவின் பயிற்சி வகுப்பு. அவளிடம் படிக்க வருகிறவர்கள் எல்லாம் பகலெல்லாம் எங்கேயாவது உழைத்துவிட்டு, பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதுகிறவர்கள். பாடப்புத்தகத்தைத் திறந்தால் வகுப்பே கொட்டாவி விடும். அதனால் அக்கா சினிமாவைத் திறந்துவிட்டாள்.

"ஊர்த் தண்ணி மொத்தத்தையும் ஒரே வில்லன் வெச்சிருக்கான். அவன் சொல்றதுதான் விலை. அதான் ஏகபோகம். கிளைமாக்ஸ்ல வில்லன் ஒழிஞ்சான். அப்புறம் பத்து பேரு தண்ணி விப்பாங்க, விலை இறங்கும். அதான் போட்டி. ஆனா அந்தப் பகுதியை எவனும் படமா எடுக்க மாட்டான், ஏன்னா அதுல சண்டை கிடையாது!"

மாடியில் சிரிப்பு வெடிக்கும். கீழே தலையில் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வாடிக்கையாளர்கள், காற்று வரும் ஓட்டை வழியாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி, முடி நரைக்கவே இல்லையென்றாலும் வகுப்பு நேரம் பார்த்துத்தான் வருவாள்.

அப்படி ஒருநாள் அக்கா பாப்கார்னைப் பிடித்துக்கொண்டாள். "இடைவேளையில நீங்க வெளிய போக முடியாது. உள்ள வேற கடையும் கிடையாது. அந்தக் கொஞ்ச நேரம் தியேட்டர்காரன்தான் ராஜா. பகல் கொள்ளை!"

"கொள்ளை இல்லீங்க டீச்சர்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தியேட்டரின் மேனேஜர். அன்றைக்குத்தான் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தார். "டிக்கெட் காசுல பெரும்பங்கு படம் கொடுத்தவங்களுக்குப் போயிடும். கரண்டு, சீட்டு, பெருக்கித் துடைக்கிறவங்க சம்பளம் எல்லாம் பாப்கார்ன்லதான் ஓடுது. பாப்கார்னை மலிவா வித்தா டிக்கெட் ஏறிடும். அப்போ ஒண்ணும் வாங்காம படம் மட்டும் பார்த்துட்டுப் போற ஜனங்க எங்க போவாங்க?"

சாக்பீஸ் விழுந்து உருளும் ஓசை மட்டும் எனக்குக் கேட்டது. போச்சுடா, இந்த ஆளை அக்கா உண்டு இல்லை என்று பண்ணப்போகிறாள் என்று நினைத்தேன். ராத்திரி அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "எவ்வளவு அழகா எதிர்த்துப் பேசினாரு, கேட்டியா?" என்றாள். அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் கால் தரையில் பாவவில்லை. வகுப்பு முடிந்ததும் இருவரும் மாடிப்படியில் நின்று வாதாடுவார்கள். நல்ல சீட்டு ஏன் பின்னால், மோசமான படத்துக்கும் முதல் நாள் ஏன் கூட்டம் வருகிறது, விசில் அடிக்கிற கூட்டத்துக்குத் தியேட்டர்தான் காசு கொடுக்க வேண்டுமா, இப்படி. கீழே என் கடையில் எல்லாத் தலைகளும் படிப்பக்கம் சாயும். "ஆட்டாதீங்கம்மா, காது போயிடும்" என்று கத்திரிக்கோலோடு நான் கத்துவேன். ஆனால் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் அவர் தொழில் ரகசியம் ஒன்றை அவிழ்த்துவிட்டார். "சில சமயம் கொஞ்சம் சீட்டு காலியா இருக்கும்போதே ஹவுஸ்ஃபுல் போர்டை மாட்டிடுவோம் டீச்சர். கிடைக்கலன்னு திரும்பிப் போறவங்க அடுத்த காட்சிக்கு முண்டியடிச்சுக்கிட்டு வருவாங்க." அக்கா கைகொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தியேட்டர் முதலாளி வெகுதூரத்து ஊரில் இன்னொரு தியேட்டர் கட்டினார். அதைப் பார்த்துக்கொள்ள மேனேஜரைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். மேனேஜர் இதை மாடிப்படியில் சொல்லிவிட்டு, "போகட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அப்படி ஒரு குரலில் கேட்டால் கல்லுக்கும் புரியும். என் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "யோசிச்சு முடிவு பண்ணுங்க."

சொல்லிவிட்டு நேரே கீழே வந்து, என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, முடி வெட்டப் போர்த்தும் துணியைத் தலையோடு போட்டுக்கொண்டு அழுதாள்.

"அவர் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

"இதை என்கிட்ட ஏன் சொல்ற? அவர்கிட்டப் போய்ச் சொல்லு!"

"சொன்னா மதிப்பு போயிடும்டி. சுலபமா கிடைக்கிற பொருளுக்கு யாரு விலை கொடுப்பா? கிடைக்காதுன்னு தெரிஞ்சாதான் ஓடி வருவாங்க. அவரே சொன்னாரே, ஹவுஸ்ஃபுல் போர்டு!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க என் அக்கா தன் கழுத்தில் அந்தப் போர்டை மாட்டிக்கொண்டு அலைந்தாள். படியில் பேச்சு கிடையாது. போன் அடித்தால் எடுப்பது கிடையாது. "இன்னிக்கு நேரமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்து, என் கடைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவர் இறங்கிப் போவதைப் பார்ப்பாள். போகிறவர் திரும்பிப் பார்த்தால் உள்ளுக்குள் துள்ளுவாள். "பாத்தியா, தேவை ஏறுது!" என்று என் தோளைக் கிள்ளுவாள். தோளெல்லாம் சிவந்துபோனதுதான் மிச்சம்.

கூத்து இதோடு நிற்கவில்லை. அந்த வாரம் வகுப்பில் வந்த பாடம் மூழ்கிய செலவு. வழக்கம்போல அக்கா சினிமாவை இழுத்தாள். "டிக்கெட் வாங்கிட்டோமேன்னு மொக்கைப் படத்தைக் கடைசி வரைக்கும் பார்க்காதீங்க. போன காசு போனதுதான், திரும்பி வராது. எழுந்து வெளிய வாங்க. மீதி நேரமாவது மிஞ்சும்!" வகுப்பே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லையாம். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேனேஜர் என் கடை வாசலில் வந்து நின்றார். பெண்கள் கடை என்பதால் உள்ளே வர மாட்டார். தபால் நிலைய அம்மாவுக்குப் பாதித் தலை சாயம் பூசியிருந்தேன்.

"டீச்சர்கிட்ட சொல்லிடும்மா. முதலாளிகிட்ட சரின்னு சொல்லிட்டேன். மதியக் காட்சி முடிஞ்சதும் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பறேன்."

"என்ன சார் இப்படித் திடுதிப்புன்னு?"

"டீச்சர் சொன்னதுதான். இத்தனை மாசம் காத்திருந்தேனேன்னு இன்னும் உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து போயிடணும். ரொம்ப நல்லாப் புரிய வெச்சாங்க." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் சாயக் கிண்ணத்தோடு மாடிப்படி ஏறினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "அம்மா தாயே, நீ சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒருத்தர் சுத்தமா படிச்சுட்டாரு! மூழ்கிய செலவு யாருன்னு நினைச்ச? நீதான்! எழுந்து போயிட்டாரு மனுஷன்!"

அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடினாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் வகுப்பு மொத்தமும், கடைசியில் தோளில் துண்டும் தலையில் சாயமுமாகத் தபால் நிலைய அம்மா. தெருவே வேடிக்கை பார்த்தது.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் குறுக்கே நின்றார். "டிக்கெட் இல்லாம யாரையும் உள்ள விடக்கூடாது. மேனேஜர் ஆர்டர்." வேறு வழியில்லாமல் அக்கா எங்கள் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கினாள். வாழ்க்கையில் முதன்முறையாக விலை கேட்காமல் வாங்கினாள்.

உள்ளே இருட்டு. திரையில் யாரோ யாரையோ மாடியிலிருந்து உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கச் சுவர் ஓரமாக, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி கையில் டார்ச்சோடு மேனேஜர் நின்றிருந்தார். அக்கா வரிசை வரிசையாகக் கால்களை மிதித்துக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

"பாடத்தைப் பாதியில விட்டுட்டீங்க" என்றாள், மூச்சு வாங்க. "பழைய காசைப் பார்க்காதீங்கன்னுதான் சொன்னேன். மீதிப் படம் நல்லா இருக்கும்னா உட்காரணும்!"

"நல்லா இருக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? போனே எடுக்கல. போர்டு தொங்குதுன்னு நினைச்சேன்."

"உஷ்!" என்றது முன்வரிசை.

"போர்டு பொய்! உள்ள ஒரு ஈ காக்கா இல்ல, காலியாத்தான் கிடக்கு! உங்களை ஓடி வர வைக்கத்தான் மாட்டினேன். நான் முட்டாள். எனக்கு நீங்க வேணும்."

சண்டைக்காட்சி அந்தக் கணம் பார்த்துத்தான் முடிய வேண்டுமா? கடைசி வார்த்தை தியேட்டர் முழுக்கக் கேட்டது. "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, பின்னாடி கேக்கல!" என்று எங்கோ ஒரு குரல். விசில் பறந்தது. தபால் நிலைய அம்மாதான் முதலில் கைதட்டினாள். மேனேஜர் டார்ச்சை அணைக்கத் தெரியாமல் திண்டாடினார். அந்த வெளிச்சத்தில் அவர் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகத் தெரிந்தது. எனக்கு எம்பிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதித்தும்விட்டேன்.

"ஆனா முதலாளிக்கு வாக்கு கொடுத்துட்டேனே" என்றார் அவர். "மாத்த முடியாது. போயே ஆகணும்."

"நான் மட்டும் மாட்டேன்னா சொன்னேன்? அந்த ஊர்லயும் பரீட்சை எழுதறவங்க இருப்பாங்கல்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கைதட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். அவள் போனால் வீட்டில் நான் தனி. இந்த ஒன்றை மட்டும் நாங்கள் இருவருமே யோசித்துப் பார்க்கவில்லை.

அக்கா இருட்டில் தடவி வந்து என் கையைப் பிடித்தாள். சாயம் அவள் கையிலும் ஒட்டியது. விதி, பாடம், சினிமா எதுவும் இல்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கேட்டாள்.

"போகட்டுமாடி?"

எனக்கு மேனேஜர் படியில் கேட்ட கேள்வி நினைவுக்கு வரவில்லை, ஒன்றும் வரவில்லை. யோசித்து முடிவு செய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"போய்த் தொலைக்கா" என்றேன். "வாரத்துக்கு ஒரு தடவையாவது வரலைன்னா, தியேட்டர்னுகூடப் பார்க்காம அங்க வந்து கத்துவேன்."

"உஷ்!" என்றது முன்வரிசை. நாங்கள் மூன்று பேரும் காலியாக இருந்த சீட்டுகளில் உட்கார்ந்தோம். படம் முடிகிறவரை அக்கா என் கையை விடவில்லை.