கணினிக்குள் போன கைமணி

போன வாரம் என் மகள் மடிக்கணினியில் ஏதோ பாட்டுக்கு இசை கோத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரிலோ யாரோ அடித்துப் பதிந்து வைத்த கைமணி ஒலிகளை இறக்கி, கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தாள். படு சுத்தமான ஒலி. பின்னால் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னப்பா, கொசுவா?" என்றாள்.

கொசு இல்லை. குடவாசலில் சாதிக் பாயின் ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோதே இந்தப் பழக்கம் என் மானத்தை வாங்கியிருக்கிறது.

சாதிக் பாய் மஸ்கட்டிலிருந்து திரும்பியபோது ஒரு கணினியும் நல்ல மைக்கும் கொண்டுவந்தார். இரும்புக் கடை மாடியில் ஓர் அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் காலி நெல் சாக்கை ஆணியடித்து வைத்திருந்தோம். பாட வந்தவர்கள் முதலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பாடுவார்கள். உரக்கடை விளம்பரம், தேர்தல் அறிவிப்பு, கல்யாண வாழ்த்து என்று எது வந்தாலும் பதிவோம். இப்போதும் எங்காவது நெல் சாக்கு வாசனை வந்தால் என் கை ஹெட்போனைத் தேடும்.

என்னோடு பள்ளியில் படித்த முருகையன்தான் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் பூசாரி. கோயில் வருமானத்தில் குடும்பம் ஓடவில்லை. சாதிக் பாய் மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவனுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். கோயிலை அவன் சித்தப்பா மகன் குமார் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அங்கேயும் தினம் மணியடித்துப் பழக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் மணி கோயில் சொத்து, கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும் பலர் படுக்கும் அறையில் விடியற்காலை மணியடித்தால் உதைதான் கிடைக்கும்.

"திரும்பி வந்து பிள்ளையாரத்தான் பாக்கப் போறேன். அதுக்குள்ள கை மறந்துடக் கூடாதுடா" என்றான்.

ரெக்கார்ட் பண்ணித் தருகிறேன் என்றேன். "அதுபாட்டுக்கு ஓடுனா நான் எதுக்கு? நான்ல அடிக்கணும்!"

வழி சொன்னது சாதிக் பாய். "ஒவ்வொரு அடியையும் தனித்தனியா எடுத்து ஒரு பழைய லேப்டாப் கீயில ஏத்திக் குடுத்துடுவோம். காதுல மாட்டிக்கிட்டு அவர் இஷ்டத்துக்குத் தட்டிக்கட்டும். ஒருத்தருக்கும் கேக்காது."

உச்சிப் பூசைக்குள் மணி திரும்பிவிட வேண்டும் என்ற கண்டிப்போடு ஊரில் அனுமதித்தார்கள். பித்தளை மணி, பிடியில் நந்தி. ஹெட்போனில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது: நாக்கு போகும்போது ஓர் ஒலி, திரும்பி வரும்போது இன்னோர் ஒலி. இரண்டும் வேறு வேறு! வாழ்நாளெல்லாம் சுண்டலுக்காக மட்டும் கோயிலுக்குப் போனவனுக்கு இது எங்கே தெரிந்திருக்கும்? மலைத்துப்போனேன். போகிற அடிக்கு ஒரு கீ, வருகிற அடிக்கு ஒரு கீ என்று முடிவு செய்தோம்.

ஆனால் முருகையனுக்கு மணி சரியாக வரவில்லை. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கணகணவென்று அடித்தது. அவனுக்கே கோபம். கடைசியில், "வலது கை சும்மா இருக்குடா. அது சுத்துனாத்தான் இது ஆடும்" என்றான். எப்போதும் வலது கையில் கற்பூரத் தட்டு, இடது கையில் மணி. ஒன்றில்லாமல் இன்னொன்று வராதாம்.

கீழே ஓடி எவர்சில்வர் தட்டும் கற்பூரமும் வாங்கி வந்தேன். சாதிக் பாய் மின்விசிறியை நிறுத்தினார். கற்பூரம் எரிய, தட்டு சுற்ற, மணி என்ன அழகாகப் பேசியது! ஒலி தேய்ந்து அடங்கும் இடத்தில் 'பட், பட்' என்று இரண்டு சத்தம். நான்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி எடுத்தோம். மறுபடியும் பட், பட். கற்பூரத்தைக் கண்டால் கை நிற்பேனா என்கிறது!

"தம்பி, நீங்க வெளில போய் டீ சாப்பிடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று சாதிக் பாயே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. மணியும் நேரத்துக்குக் கோயில் போய்ச் சேர்ந்தது.

மஸ்கட் போன முருகையன் போனில் சொன்னான்: "மணி அப்படியே இருக்குடா. தெனம் காலைல இடது கை ரெண்டு வெரலால தட்டிட்டுத்தான் டூட்டிக்குப் போறேன். வலது கைக்குத்தான் வேல இல்ல. அதனால டீ டம்ளரச் சுத்துறேன். ரூம்ல இருக்கவனுங்க ஒரு மாதிரி பாக்குறானுங்க."

ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். முருகையன் சென்ற மாதம் ஒரேயடியாக ஊர் திரும்பினான். சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போனோம். குமார் சுவரில் ஒரு ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் சுற்ற, முரசும் மணியும் சேர்ந்து முழங்கின. பித்தளை மணி மூலையில் இருந்தது. பூசை முடிந்ததும் குமார் அதைத் துடைத்து முருகையனிடம் நீட்டினான். "நாளைலேர்ந்து நீங்கதாண்ணே."

முருகையன் ஆசையாகத்தான் வாங்கினான். கற்பூரம் ஏற்றி, வலது கையில் தட்டை எடுத்துச் சுற்றினான், பிசகவே இல்லை. இடது கையில் மணி அசையாமல் இருந்தது. பிடியிலிருந்த நந்தியின் முதுகில் அவன் விரல்கள் இரண்டு மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன.

கற்பூரம் எரிந்து அடங்கும் வரை காத்திருந்தேன். அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ள எனக்குக் கை எழவில்லை.