கிரந்திப் பட்டியல்

மனைவிக்கு வயிற்றில் ஒப்பரேசன் முடிந்து வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டுக்குக் கூட்டிவந்த அன்றே நான் சமையலறையின் ஆட்சியைக் கைப்பற்றினேன். வெட்டுக்காயம் பழுதாகிவிடுமோ என்ற பயம். பயம் வந்தால் சிலர் கும்பிடுவார்கள். நான் போன் எடுப்பேன்.

புண்ணைக் கிளறிவிடும் என்று நாங்கள் ஒதுக்கும் சாப்பாட்டுக்குக் கிரந்தி என்று பெயர். ஒஷாவாவில் இருக்கும் மச்சாள் போனிலேயே இறாலையும் நண்டையும் நிறுத்தினா. சித்தப்பா ஒருவர் முட்டையை நிறுத்தினார். பிறகு மீன், கோழி, பருப்பு என்று ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று விழுந்தது. ஒருவர் கூடாது என்றதை இன்னொருவர் சாப்பிடலாம் என்றால், கூடாது என்றவரையே நம்பினேன். எல்லாவற்றையும் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன், ஆஸ்பத்திரி தந்த சாப்பாட்டுத் தாளுக்கு மேலேயே. மிஞ்சியது கஞ்சியும் ரசமும்.

இரண்டு கிழமை அவள் அதை முகம் சுளிக்காமல் குடித்தாள். காயம்தான் மூடவில்லை. கட்டு மாற்ற வீட்டுக்கு வரும் நேர்ஸ், மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, ஒருநாள் காயத்தை வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தாள். அக்கா என்ன சாப்பிடுறா என்று கேட்டாள். வகுப்பில் முதலாம் பிள்ளைபோல் நான் பட்டியலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அண்ணை, வீடு கட்டச் சொல்லிப்போட்டு, கல்லையும் சீமெந்தையும் கேற்றிலையே மறிச்சு வைச்சிருக்கிறியள்."

புதுச் சதை வளரப் புரதம் வேண்டுமாம். முட்டை, மீன், கோழி, பருப்பு. நான் தடைசெய்த அதே வரிசையில் சொன்னாள். டொக்டருக்கும் அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கிருமிக்குப் பயந்து கதவுப்பிடியெல்லாம் துடைத்தவன், உள்ளே அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவளிடமே கோபித்தேன், வெட்கமில்லாமல்.

"இஞ்சருங்கோ, ஒப்பரேசன் அண்டைக்கு உங்கடை முகத்தைப் பாத்தனான். உந்தப் பட்டியலை எழுதேக்கைதான் கொஞ்சம் ஆறுதலா இருந்தனீங்கள். அதுதான் பேசாமல் குடிச்சன்."

நான் போய் இரண்டு முட்டை அவித்தேன். பதற்றத்தில் ஒன்றைச் சட்டிக்குள்ளேயே வெடிக்க வைத்தேன். உரித்து, உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தேன். மெல்லச் சாப்பிடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காயம் மூட இன்னும் ஒரு மாதம் எடுத்தது. அந்த மாதம் முழுக்க அவளுடைய தட்டைப் பார்த்தபடியே நான் சாப்பிட்டேன். என் சட்டையில் சொதி கொட்டாத நாளில்லை.