விபூதி பூசியதும் கதவடைத்த அறை: மடுகரையிலிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர்

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற மகள் என்று நினைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற யாரோ ஒருவருக்குக் கால் மணி நேரம் கையாட்டினேன். அவரும் மரியாதைக்குத் திரும்ப ஆட்டினார். உள்ளே நான்கு பேர். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் தெரியும். எனக்கு நான்கு பேரும் ஒன்றுதான்.

கோயில் பயணமாகவே எழுதி வந்தவன் நான். இந்த முறை போனது என் மகள் கயல் படிக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கு. புதுச்சேரிக்கு வடக்கே, கடலோரம். எங்கள் மடுகரை வீட்டிலிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர்தான். ஆனால் பொங்கலுக்கு வந்து போனவள், வீராம்பட்டினம் தேருக்குக்கூட வரவில்லை. கேட்டால், "மெஷின் முறை வரும்போது வுட முடியாதுப்பா" என்பாள். வீட்டில் ஞாயிறுதோறும் அவளுக்கும் சேர்த்தே மீன் வாங்குகிறோம். மிஞ்சியதைத் திங்கட்கிழமை நான் சாப்பிடுகிறேன். ஆவணி பிறந்ததும் பொறுக்கவில்லை. ஒரு வேளையாவது அவளை வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரைக்கு மடுகரையில் பஸ், ஏழேகாலுக்கு வில்லியனூர். பெரிய கோயிலில் கும்பிட்டு, விபூதி மடித்து வாங்கிக்கொண்டேன். (இந்த விபூதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அங்கிருந்து புதுச்சேரி பஸ் நிலையம் பத்து கிலோமீட்டர். பிறகு கடலோரச் சாலை பஸ். மொத்தம் அறுபது ரூபாய்க்குள் போய்விடலாம். ஒன்பதரைக்கு ஜன்னல் முன்னால் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "யாருக்குப்பா டாட்டா காட்ற? நா இங்க இருக்கேன்."

"அப்போ உள்ள யாருடி?"

"கூட படிக்கிற பையன். கேரளா."

"நல்ல பையன். உன்ன வுட பாசமா ஆட்டினான்."

இளைத்திருந்தாள். அதைச் சொன்னால் சண்டை வரும். அதனால் உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். (நான் ஏழாவதோடு நின்றவன், தப்பிருந்தால் கயல் திருத்துவாள்.) காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள், ஒரு சின்னச் சில்லின் மேல் உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். கயிறு கட்டி நட்ட நாற்றுப்போல அணுக்கள் வரிசை தப்பாமல் நிற்க வேண்டுமாம். அப்படி இரண்டு படலம். நடுவில், மின்சாரம் போகாத இன்னொரு படலம் சுவர் மாதிரி. கடுமையாகக் குளிரவைத்தால், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடி அந்தச் சுவரையும் தாண்டிவிடுமாம்.

"கதவு இல்லாமயா?"

"கதவு இல்லாமத்தான். ஆனா சுவரு ரொம்ப மெல்லிசா இருக்கணும்பா. கொஞ்சம் தடிச்சாலும் போவாது."

"முப்பத்தேழு கிலோமீட்டரு தடி இருந்தா?"

சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து மணிக்கு அவள் முறை. மூன்று வாரம் காத்திருந்து கிடைத்தது. எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் விபூதி பூசாமல் அனுப்புவதில்லை. மடிப்பைப் பிரித்து நெற்றி நிறையப் பூசி, கண்ணில் விழாமல் கையால் அணைகட்டி ஊதியும் விட்டேன். முடி, புருவம், காலர் எல்லாம் வெள்ளை.

அவள் அசையவில்லை. "இன்னாப்பா பண்ணின?"

பவுடர், பூ, மை எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாதாம். ஒரு துகள் விழுந்தால் நடுச்சுவரில் ஓட்டை, மொத்தமும் குப்பை. தலைக்குக் குளித்து வந்தாலும் அன்றைக்கு விடமாட்டார்களாம். அவள் முறை அந்தக் கேரளப் பையனுக்குப் போனது. கயல் கண் கலங்கி நின்றாள்.

"அடுத்த முறை எப்போம்மா?"

"செவ்வாக்கெழம. அவனோட முறைய எனக்குத் தர்றான்." மூக்கை உறிஞ்சினாள். "வேணும்னேதான பூசின?"

"சத்தியமா இல்லடி."

நெற்றியைத் துடைக்கப் போனவள், துடைக்காமல் கையை இறக்கினாள். "வூட்டுல இன்னா கொழம்பு?"

"நீ வர்றன்னு சொன்னா ஒங்கம்மா இப்பவே மீன் வாங்கிடுவா."

போன் போட்டாள்.

உங்கள் பிள்ளைகளும் இப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், வாசல் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். விபூதியை வேலை முடிந்து வெளியே வந்த பிறகு பூசுங்கள். வரவில்லையே என்று வாசலைப் பார்த்து உட்காராமல் நீங்களே போய்வாருங்கள். ஏழு மாதம் நான் பார்த்தேன். அந்த வழியாக மாடுதான் வந்தது.

திரும்பும்போது விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, வில்லியனூரில் இறங்கி, மடுகரை பஸ் மாற வேண்டும். கயல் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் சட்டையெல்லாம் விபூதி. வில்லியனூர் வந்தது. நாங்கள் விழுப்புரத்தில் இறங்கினோம்.