லம்பாம் குஞ்சுகளின் முதுகெலும்பு

சந்தையில் மீன் வாங்கும்போது அதன் முதுகை விரலால் தடவிப் பார்ப்பேன். புதிய மீனா என்று சோதிப்பதாகக் கடைக்காரர் நினைத்துக்கொள்கிறார். எலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மலேசிய மீன்வளத் துறையில் மீன் தீவனச் சோதனை அறிக்கைகளைப் படித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த மிடுக்கு போகவில்லை. சபாக் போகும் சாலையில், பழைய தோட்டத்தை ஒட்டிய வீட்டில், ஒரு பெண்மணி சிமெண்டுத் தொட்டிகளில் லம்பாம் என்னும் ஆற்றுமீனின் குஞ்சுகளை வளர்த்தார். ரவாங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு தொடங்கிய தொழில். புதிய தீவனம் ஒன்றின் அறிக்கையைக் கொண்டுவந்து, "போடலாமா சார்?" என்று கேட்டார். பாஸ்பரஸ் தேவைக்கு மேலேயே இருந்தது. "தாராளமா" என்றேன்.

கால்சியத்தைக் குஞ்சுகள் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் தீவனத்தில்தான் வர வேண்டும். அந்தத் தீவனத்தில் அது ஏறக்குறைய முழுவதும் எலும்புத்தூள். லம்பாமுக்கு இரைப்பை இல்லை. அமிலமில்லாத குடலில் எலும்புத்தூள் கரையாமல் வெளியேறிவிடும். இதை நான் வகுப்பெடுத்தே கற்பித்திருக்கிறேன். தாளில் எண் சரியாக இருந்ததால், மீனை மறந்துவிட்டேன்.

அதே மாதம் அவர் கணவர் இறந்தார். வேறு ஆள் இல்லாததால் ஐந்தாம் நாளே அவர் தொட்டியில் கைவைத்துத் தீவனம் போட்டார். கருமாதி முடிந்து நான் போனபோது குஞ்சுகள் முதுகு வளைந்து, செவுள்மூடி குறுகி, பக்கவாட்டில் சாய்ந்து நீந்தின.

"தீட்டுக் கைய வச்சிட்டேன் சார். அதான் இப்படி."

எனக்குக் காரணம் அந்த நிமிடமே தெரிந்தது. "தீவனத்தை மாத்திப் பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு துறைக்கே நடைமுறை சொல்லிக்கொடுத்தவனுக்கு, 'தப்பு என்னுடையது' என்று சொல்ல நடைமுறை தெரியவில்லை.

கரையும் பாஸ்பேட் சேர்த்த தீவனம் வாங்கிக்கொடுத்தேன். அடுத்த குஞ்சுகள் நேராக வளர்ந்தன. ஆனால் அவர் அப்போதிலிருந்து கை படாமல், நீளக் காம்பு அகப்பையால்தான் தீவனம் போட்டார். குஞ்சுகளைக் காப்பாற்றியது அகப்பைதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

போன மாதம் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அவர் கதவோரமாகவே நின்றார்.

"பொறந்ததுலேர்ந்து ஒரு தடவகூடத் தூக்கலை சார்," என்றாள் மகள். "மீனுக்கு வந்தது பிள்ளைக்கு வரும்னு பயம். நான் என்ன லம்பாமா பெத்திருக்கேன்?"

"எலும்பு இப்பத்தான்லா கூடுது," என்றார் அவர். "சும்மா இரு."

அப்போது சொன்னேன். அறிக்கை, எலும்புத்தூள், இல்லாத இரைப்பை, என் 'தாராளமா', எல்லாவற்றையும். உங்கள் கைக்கு இதில் பங்கே இல்லை என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"என்னைத் தேத்தணும்னு இப்படிச் சொல்றீங்க. அவ்வளவு படிச்ச உங்களுக்கா அது தெரியாமப் போச்சு?"

குழந்தை அழுதது. அவர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சார்கிட்ட குடும்மா," என்றார் மகளிடம். "நல்ல கை."

வாங்கிக்கொண்டேன்.