அக்காள் வளர்த்த வான்கோழிகள்

எங்கள் அக்காள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நானும் எழுதித் தர வேண்டும் என்று பெரியத்தான் அவர்கள் ஆளனுப்பிச் சொன்னார்கள். பெரியத்தான் என்று நான் சொல்வது அக்காளின் கணவருடைய அண்ணனை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஒரு ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனால் அக்காளுடன் பிறந்தவன் என்று மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். நான் மட்டுமே எழுதக்கூடிய ஒரு விஷயமும் இருக்கிறது.

அக்காள் பிறந்தது வள்ளியூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். அம்மா இறந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று, எனக்கு ஐந்து. கிணறு வெட்டும் இடங்களில் மண் சுமந்து என்னை வளர்த்தார். ஓடிவிடுவேன் என்று இடுப்பில் கயிறு போட்டு மரத்தில் கட்டிவிட்டு வேலை செய்வாராம். கயிறு போட ஆள் இல்லாமல் போனபிறகு நான் ஓடத்தான் செய்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தார். அத்தான் பழவங்காடியில் ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டர். கரமனையாற்றுக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். குழந்தை இல்லை. எட்டாம் வருடம் அத்தான் மஞ்சள்காமாலையில் போய்விட்டார்.

பெரியத்தான் அன்றே தம் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அன்போடுதான் கூப்பிட்டார்கள். பெரிய குடும்பம், சமையலுக்கு ஒரு கை வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அக்காள் போகவில்லை. "என் கதவை நானே தெறந்து நானே பூட்டிக்கிட்டு இருந்துக்கிறேன்" என்றார். தோப்புக்காரர் வீட்டம்மா கொடுத்த ஒரு ஜோடி வான்கோழியை வைத்து வளர்ப்பைத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் நகரில் அப்போதே இருந்தார்கள்.

வான்கோழிக் குஞ்சு மாதிரி ஒரு அப்பிராணியை நான் எங்கும் பார்த்ததில்லை. கோழிக்குஞ்சு பொரித்த அன்றே கொத்தித் தின்னும். இதற்குத் தீனி எது, தண்ணீர் எது என்று தெரியாது. தீனித் தட்டின்மேலேயே நின்றுகொண்டு பட்டினியில் சாகும். அக்காள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் தொட்டு, அவித்த முட்டையை உதிர்த்து வாயில் வைப்பார். தண்ணீர்த் தட்டில் நிறநிறமான கோலிக்குண்டுகளைப் போட்டு வைப்பார். மினுக்கத்தைப் பார்த்துக் கொத்தும்போது அலகு நனைந்து தண்ணீரின் ருசி தெரியும். நாலைந்து நாள் இந்தப் பாடு. பிறகு குளிர் ஆகாது, ஈரம் ஆகாது. ஒரு சத்தம் கேட்டால் எல்லாம் ஒரு மூலையில் ஏறிக் குவிந்து, அடியில் கிடப்பவை மூச்சுமுட்டிச் சாகும். தலையில் சிவப்பு ஏறும் பருவத்தில் மறுபடியும் கண்டம். முருங்கைக்கீரையும் வெங்காயத்தாளும் அரிந்து அரிந்து அக்காளின் பெருவிரல் கறுத்தே இருந்தது. எல்லாம் தாண்டி ஏழு மாதம் நின்றுவிட்டால் சேவல் தோகை விரித்து மிரட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்திருந்தார். வான்கோழி அடைக்கும் வேலிக்குள் நாட்டுக்கோழியின் கால் படக்கூடாது. கோழிக்கு ஒன்றும் செய்யாத ஒரு நோய் அதன் எச்சத்தின் வழியாக வான்கோழிக்கு வரும். கோழி மேய்ந்த மண்ணில் வெட்டிய மண்வெட்டியைக்கூட உள்ளே கொண்டுவர விடமாட்டார்.

முதல் இரண்டு வருடமும் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் பாதிக்குமேல் போயிற்று. மூன்றாம் வருடம் நாற்பத்தொரு குஞ்சுகள் நின்றன. பெரியத்தான் ஒரு பேச்சு வைத்தார்கள்: இதுவும் போனால் வீட்டை ஒழித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அக்காள் சம்மதித்தார். எனக்குத் தபால் அட்டையில் அவர் எழுதியது இது: "இந்த ஒரு ஈடு தப்பிவிட்டால் பிறகு என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள்."

அட்டை கிடைத்தபோது பெல்லாரியில் சுரங்க வேலையில் இருந்தேன். கையில் கொஞ்சம் காசு இருந்தது. எத்தனையோ தடவை வெறுங்கையோடு போய்த் தின்றுவிட்டு வந்தவன், இந்தத் தடவை வடசேரிச் சந்தையில் இறங்கி, முட்டையிடும் பருவத்தில் இரண்டு கோழிகளை வாங்கி, மூடிய கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காள் வீட்டில் இல்லை. பெரியத்தான் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுத் தங்கம்மைச் சேச்சிதான் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆரு, தம்பியோ! சோறு தீந்துபோச்சா, இந்தப் பக்கம்?"

"சோறு நானே கொண்டாந்திருக்கேன் சேச்சி. இது அக்காவுக்கு ஒரு சாமான்."

"கொள்ளாம். இப்பமாவது தோணிச்சே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, இனித் தம்பி பார்த்துக்கொள்ளும் என்று போய்விட்டார்.

விதி எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். முந்தின தடவையே அக்காள் சொல்லியிருந்தார். அக்காளின் பயங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்தேன். மழை விடவில்லை. கால் கட்டிய கோழிகள் கூடைக்குள் நனைந்து கிடந்தன. கூரையும் வேலியும் உள்ள இடம் வான்கோழி அடைப்பு ஒன்றுதான். ரெண்டு நாள்தானே என்று கட்டை அவிழ்த்து உள்ளே விட்டேன்.

மூன்றாம் நாள் அக்காள் வந்தார்.

"லேய், இது எப்பம்ல உள்ள வந்துது?"

"வந்த அன்னைக்கே. ஒனக்குத்தாங்க்கா. முட்டைக்கோழி."

பையைக் கீழே வைக்காமலே உள்ளே போய் இரண்டையும் பிடித்தார். தங்கம்மைச் சேச்சியிடம் கொடுத்துவிட்டு வந்து, மேல்மண்ணைச் சுரண்டி அள்ளிச் சுண்ணாம்பு தூவினார். "எனக்குன்னு ஒண்ணு வாங்கணும்னு இப்பந்தான் தோணிச்சாக்கும் ஒனக்கு" என்றார். வேறு திட்டவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு குஞ்சு சிறகைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நின்றது. எச்சம் கந்தகம் மாதிரி மஞ்சளாக இருந்தது. மறுநாள் ஐந்து. கால்நடை டாக்டர் வந்து, செத்ததில் ஒன்றை அறுத்து ஈரலைப் பார்த்தார். வட்டவட்டமாகப் புண். கருந்தலை நோய் என்றார். கேள்விப்பட்டுப் பெரியத்தான் அவர்களும் வந்து நின்றார்கள்.

"இதினுள்ள கோழியைக் கேத்தி விட்டது ஆரு?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அக்காள் சொன்னார்: "நாந்தான் சார். ரெண்டு கோழி வாங்கினேன். மறந்தாப்புல விட்டுட்டேன்."

"எம்மா, கோழி ஆகாது, கோழி ஆகாதுன்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தியே, நீயே கொண்டு விட்டியாக்கும்?" என்றார்கள் பெரியத்தான்.

அக்காள் என் பக்கம் திரும்பி, "நீ போய்க் குழி வெட்டுல" என்றார். நான் போய்க் குழி வெட்டினேன்.

மருந்து கொடுத்தும் ஆறுதான் மிஞ்சின. ஓணம் கழிந்து அக்காள் வீட்டை ஒழித்தார். பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நான் ரயில் ஏறினேன்.

பெரியத்தான் வீட்டில் அக்காள் பதினோரு வருடம் இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவர் கைச் சோற்றில் வளர்ந்தார்கள், அவரை மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். விசேஷ வீடுகளில் மட்டும் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. "சித்தி கையில கோழியைக் குடுத்துராதீங்க, ஊரே காலியாயிரும்." எல்லாரும் சிரிப்பார்கள், அக்காளும் சிரிப்பார். அந்தப் பதினோரு வருடத்தில் இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் அதைக் கேட்டேன். பந்தியில் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

கடைசியில் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தகவல் வந்து ஓடி வந்தேன். ஒன்பது நாள் கூட இருந்தேன். ஒரு காலையில் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன்.

"அன்னைக்கு எதுக்குக்கா நீதான்னு சொன்ன?"

அக்காள் யோசிக்கவே இல்லை. "ஓம் பேரைச் சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் நீ இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டியேல."

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வந்தது இரண்டு தடவைதானே என்று அவர் சொல்லவில்லை. அதற்கு மூன்றாம் நாள் மாலை அக்காள் அமைதியடைந்தார்.

அக்காளைப் பதினோரு வருடம் வைத்துக் காத்த பெரியத்தான் அவர்களுக்கும் அந்த வீட்டு அக்காமாருக்கும் நான் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். வார்டில் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட நர்ஸம்மாக்களுக்கும், தினமும் பஸ் பிடித்து வெந்நீர் கொண்டுவந்த தங்கம்மைச் சேச்சிக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும் நன்றி. இந்த மலரில் அக்காளின் வாழ்க்கையைச் சொல்லும் இடத்தில், கவனக்குறைவால் பறவைகள் நஷ்டமானதாக ஒரு வரி இருப்பதாக அச்சுக்குப் போகுமுன் கேள்விப்பட்டேன். அதை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அக்காள் கவனக்குறைவாக எதையும் செய்தவர் இல்லை. வேலிக்குள் கோழியை விட்டவன் நான். உறவுக்காரர்கள் இனி அந்தக் கதையைச் சொல்லும்போது என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.